பொய்ச் சைகை

கோல்டோவிடம் விளக்கம் இல்லாத சங்கதி அந்த ஊரில் எதுவும் கிடையாது. சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் பால்கனிகளுக்கெல்லாம் ஏன் நம்பர் போட்டிருக்கிறது, ஊரே எரிந்தபோது ஒரு தெரு மட்டும் எப்படித் தப்பித்தது, ஆப்பிள் மதுவை ஏன் தலைக்கு மேலே தூக்கி ஊற்ற வேண்டும், எதைக் கேட்டாலும் நாக்கு நுனியில் பதில் நிற்கும். தெரியாததைக் கேட்டாலும் கேட்டவர் முகம் வாடாமல் ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவைப்பான். இருபத்திரண்டு வருஷமாக டொனோஸ்தியா என்ற அந்தக் கடற்கரை ஊருக்கு வருகிறவர்களைத் தெருத்தெருவாக நடக்கவைத்து, கடைகடையாகத் தின்னவைத்து, அதில் வயிறு வளர்த்தவன். வயது ஐம்பத்தொன்பது. மனைவி விட்டுப்போய்ப் பத்து வருஷம் ஆகிறது. "எது கேட்டாலும் விளக்கம் சொல்றான், பதில் சொல்ல மாட்டேங்கறான்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்று அவனே ஊரில் சொல்லிச் சிரிப்பான். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று அவனுக்கு அப்போது தெரியாது.

இமனோல் அவனுக்கு நேர் எதிர். முப்பது வருஷம் மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் அறையில் கிடந்தவன். அந்த இரைச்சலில் பேசிப் பிரயோசனம் இல்லை என்று பேச்சையே மூட்டை கட்டிப் போட்டுவிட்டான்போல. கரையேறி ஓய்வு பெற்ற பிறகும் மூட்டையை அவிழ்க்கவில்லை. சங்கத்தில் அவனுக்கு 'ஊமை' என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் கோபிக்க மாட்டான், தோளைக் குலுக்குவான்.

சங்கம் என்றால் சாப்பாட்டுச் சங்கம். மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. உறுப்பினர்கள் நாற்பத்தெட்டுப் பேரிடமும் சாவி உண்டு. ஆண்கள்தான் சமைப்பார்கள், ஆண்கள்தான் பெருமையடித்துக்கொள்வார்கள். பெண்கள் விருந்தாளியாக வந்து மேஜையில் உட்காரலாம், அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது. இந்தச் சட்டத்தை எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று இமனோலின் மனைவி நெகானே வருஷத்துக்கு ஒருமுறை கேட்பாள். சந்தையில் மீன் கடை வைத்திருப்பவள் அவள். சங்கத்தில் வேகிற மீனில் பாதி அவள் கையால் வெட்டியது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் சீட்டு. நான்கு பேர், இரண்டு கட்சி, கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். முஸ் என்று பெயர் அந்த ஆட்டத்துக்கு. அதில் கூட்டாளிக்கு முகத்தாலேயே சேதி சொல்லலாம். எதிராளி கண்ணில் படாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு ராஜா இருந்தால் கீழுதட்டைக் கடிப்பது, ஒரே மாதிரி மூன்று சீட்டு இருந்தால் வாயை ஒரு பக்கமாகக் கோணுவது என்று அதற்கு ஊர் பூராவும் ஒரே பாஷை. எதிராளியை எப்படி வேண்டுமானாலும் ஏய்க்கலாம். இல்லாத சீட்டை இருப்பதுபோல் உரக்கப் பேசலாம். சைகையில் மட்டும் பொய் கூடாது. பொய்ச் சைகை காட்டினவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் அவன் எதிரே உட்கார அப்புறம் ஆள் கிடைக்காது.

இமனோல் கடலில் இருந்த வாரங்கள் போக, அவனும் கோல்டோவும் இருபத்தேழு வருஷமாகக் கூட்டாளிகள். இமனோல் வாயைத் திறக்காமல் கோல்டோவிடம் பேசியது, நெகானேயிடம் வாயைத் திறந்து பேசியதைவிட அதிகம் இருக்கும். கோல்டோவுக்கு இதில் பெரிய கர்வம். "ஊமை முகத்துல ஒரு மயிர் அசைஞ்சாலும் எனக்கு அர்த்தம் தெரியும்" என்பான். யாரும் மறுத்ததில்லை.

நவம்பர் மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை உருகுவேயிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எல்விரா. எழுபத்து நான்கு வயது, ஒடிசலான உடம்பு, கையில் மடித்த குடை. அவருடைய பாட்டனாரின் தகப்பன் இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேறினாராம். இப்படி வருகிறவர்கள் வேறு ரகம் என்று கோல்டோவுக்குத் தெரியும். கடற்கரையைப் பார்க்க மாட்டார்கள், தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். பெரிய மண்டபம் வேண்டாம், இங்கே மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று எல்விரா கடிதத்திலேயே எழுதியிருந்தார். சங்கத்திலேயே விருந்து வைக்கிறேன் என்று கோல்டோ வாக்குக் கொடுத்துவிட்டான். உறுப்பினர் ஒருவர் விருந்தாளியை அழைப்பதில் தப்பில்லை. ஆனால் கோல்டோ முட்டையை வேகவைத்தாலே கருக்கிவிடுவான். சமைக்க இமனோல் வேண்டும்.

இமனோலுக்கு இதெல்லாம் பிடிக்காது. நாம் என்ன கூண்டில் அடைத்த கரடியா என்று ஒருமுறை கேட்டான். அவன் கணக்கில் அது நீண்ட பேச்சு. கேட்டுவிட்டுச் சம்மதித்தான், கோல்டோ கேட்டதால்.

அன்று காலை எட்டு மணிக்கு இமனோலிடமிருந்து போன் வந்தது.

"தலை ஒரு மாதிரி இருக்கு. இன்னொரு நாள் வச்சுக்கலாமா?"

"அஞ்சு பேர் கடல் தாண்டி வந்திருக்காங்கடா. நாளைக்கு ரயில் ஏறிடுவாங்க. ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வா."

இமனோல் சரி என்றான்.

காலை முழுவதும் தூறல். அந்த ஊர்த் தூறலுக்குக் குடை விரித்தால் வெளியூர்க்காரன் என்று அர்த்தம், விரிக்காவிட்டால் அரைமணியில் உள்ளாடைவரை நனைந்திருக்கும். கோல்டோ அவர்களை மூன்று கடைகளுக்குக் கூட்டிப்போனான். குச்சியில் குத்தின ஆலிவும் ஊறுகாய் மிளகாயும் நெத்திலியும் தின்னவைத்தான். எரிந்த ஊரைப் பற்றி, எரியாத தெருவைப் பற்றி வழக்கமான இடங்களில் நின்று வழக்கமான வார்த்தைகளில் சொன்னான். எல்விரா அதிகம் கேட்கவில்லை. கடைசிக் கடை வாசலில் நின்று, தன் கணவர் இருந்திருந்தால் இந்த நெத்திலியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார் என்றார். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்து போன வருஷம் போய்ச் சேர்ந்தாராம். கோல்டோ தலையை ஆட்டிவிட்டு, சங்கத்துக்கு நேரமாகிவிட்டது என்றான்.

அங்கே இமனோல் மண்சட்டியோடு நின்றுகொண்டிருந்தான். ஹேக் மீனின் தாடைக்கு அடியில் இருக்கும் வழவழப்பான சதை, ஆலிவ் எண்ணெய், பூண்டு. அவ்வளவுதான் சாமான். வித்தையெல்லாம் சட்டியைச் சுழற்றுவதில் இருக்கிறது. நிறுத்தாமல் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருந்தால் மீனின் பசையும் எண்ணெயும் கலந்து பாலாடைபோலக் கெட்டிப்படும். எல்விராவும் மற்றவர்களும் அடுப்படி வாசலில் வரிசையாக நின்று பார்க்க, கோல்டோ பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தான். இமனோல் ஆட்டுவதைப் பாதியில் நிறுத்தி, சட்டியை வைத்துவிட்டு வலது கையை இரண்டு தரம் உதறினான். பிறகு இடது கையால் ஆட்டினான்.

"வயசாயிடுச்சு ஊமைக்கு" என்று கோல்டோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். குழம்பு என்னவோ அருமையாகவே வந்தது.

சாப்பிட்டு, காபி குடித்து, மூன்று மணிக்கு மேல் சீட்டைப் பிரித்தார்கள். எதிர்க்கட்சியில் சங்கத் தலைவர் யூசெபியோவும் அவருடைய மைத்துனரும். விருந்தாளிகள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கோல்டோவின் பின்னால் உட்கார்ந்தார்கள். எல்விரா அவன் தோளுக்கு நேர் பின்னால். அவன் பார்ப்பதெல்லாம் அவருக்கும் தெரியும்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. கடைசிக் கை. யூசெபியோ தன் சீட்டுகளை விசிறிபோலப் பிரித்துக் குனிந்தார். அவருடைய மைத்துனர் கோப்பைக்குக் கை நீட்டினார். அந்த நொடியில் கோல்டோ நிமிர்ந்து எதிரே பார்த்தான். இமனோலின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

மூன்று சீட்டு. கோல்டோவுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்றது. முகத்தில் எதையும் காட்டாமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அப்போது எல்விரா அவன் காதருகே குனிந்தார்.

"உங்க சிநேகிதருக்கு உடம்பு சரியில்லையோ? முகம் ஒரு மாதிரி போகுதே."

கோல்டோ சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தான். "அம்மா, அதுதான் சைகை. நீங்க அதைப் பாத்திருக்கவே கூடாது. இப்ப சும்மா இருங்க, எதிரி காதுல விழுந்திடும்."

எல்விரா வெட்கப்பட்டுப்போய் நேராக உட்கார்ந்துகொண்டார். தெரியாத இடத்தில் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிவிட்டோம் என்று நினைத்திருப்பார். ஊர்க்காரன், அதுவும் வழிகாட்டி, சிரித்துக்கொண்டே சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்கள்?

கையில் ஜோடிச் சீட்டு உண்டா என்று ஒவ்வொருவரும் சொல்லும் சுற்று வந்தது. மற்ற மூன்று பேரும் உண்டு என்றார்கள், இமனோல் ஆமென்று தலையை அசைத்தான். பேசாமல் ஆடுவது அவனுக்குப் புதிதில்லை. முழங்கையை மேஜையில் ஊன்றி, வலது கன்னத்தை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தான். அது கொஞ்சம் விநோதமான இருப்பு. கோல்டோ அதைப் பார்த்தான், சீட்டை மறைக்கிறான் என்று நினைத்தான். பிறகு உரக்க, "ஓர்தாகோ" என்றான். இருப்பது அத்தனையையும் பந்தயத்தில் வைத்தாயிற்று என்று அர்த்தம். விருந்தாளிகளுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்வதில் இருக்கும் சுகத்தை அவன் மறைக்கவில்லை.

யூசெபியோ ஏற்றுக்கொண்டார். சீட்டுகளைத் திருப்பினார்கள். அவரிடம் மூன்று ஏழு. இமனோலிடம் இரண்டு நான்கு, அதற்குமேல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சீட்டு.

கோல்டோவுக்குக் காது மடல் சிவந்தது. தோற்றது போகட்டும், தோற்பது வாரம் ஒருமுறை நடப்பதுதான். பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் சைகை பொய்யே சொல்லாது என்று அவர்களிடம் அரைமணி முன்னால்தான் மார் தட்டியிருந்தான்.

"வாயைக் கோணினியே, எங்கடா மூணு சீட்டு?" என்றான். "இருபத்தேழு வருஷம் கழிச்சு, வெளியூர்க்காரங்க முன்னாடி, எனக்கே பொய்ச் சைகையா?"

இமனோல் அவனைப் பார்த்தான். வாய் திறந்தது. உள்ளிருந்து ஒரு முனகல் வந்தது, சொல் வரவில்லை.

"பேசேன். பேச வேண்டிய நேரத்துல பேசேன் ஊமை."

யூசெபியோ எழுந்து, விளையாட்டுக்குப் போய் இப்படியா என்று கோல்டோவின் முதுகில் தட்டினார். மைத்துனருக்குக் கடை திறக்க வேண்டும், இரண்டு பேரும் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோல்டோ தன் கூட்டத்தைக் கிளப்பினான். இமனோல் அதே இடத்தில் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அடுப்படியை ஒழுங்குபண்ணிக் கதவைப் பூட்டுவது சமைத்தவன் வேலை. ஆகவே அவன் எழாதது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

கதவருகில் எல்விரா நின்று திரும்பிப் பார்த்தார். "அவரைத் தனியா விட்டுட்டுப் போகலாமா?"

"கோபத்துல இருக்கான். எங்க ஆளுங்க அப்படித்தான், தனியா விட்டாத்தான் தெளிவாங்க."

அதுவும் விளக்கம்தான். மணி நாலேகால்.

சாயங்காலம் அவர்களை விடுதியில் விட்டுவிட்டுக் கோல்டோ நாலு கடை ஏறி இறங்கினான். நாலு கடையிலும் ஊமை தனக்குப் பொய்ச் சைகை காட்டியதைச் சொன்னான். சொல்லச் சொல்லக் கோபம் குறைந்து கதை நீண்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை இமனோலை ஒரு போடு போட்டுவிட்டுச் சமாதானமாகிவிடலாம் என்றுகூட நினைத்தான். எட்டரை மணிக்கு நெகானே போன் பண்ணினாள். சங்கத்தைத் துடைக்க வந்த பெண் இமனோலை மேஜைக்கு அடியில் பார்த்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது கோல்டோ அந்த முகத்தைப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மதியம் பார்த்த அதே கோணல், ஒரு இழைகூட மாறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இளவயது டாக்டர் ஒருத்தி வந்து, கடைசியாக இவரோடு இருந்தது யார் என்று கேட்டாள். கோல்டோ கையைத் தூக்கினான்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தார்? நேரம் முக்கியம்."

நெகானே அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலேகாலுக்கு நான் கிளம்பினேன்" என்றான். "அப்ப நல்லாத்தான் இருந்தான்."

யாரும் தன்னை மிரட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, அந்தப் பொய் தானாகவே வந்து நாக்கில் உட்கார்ந்தது என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டான். டாக்டர் எழுதிக்கொண்டாள். முதல் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்திருந்தால் பேச்சும் கையும் பெரும்பாலும் மீண்டிருக்கும், இப்போது உயிரைப் பார்ப்போம் என்றாள். நெகானே கோல்டோவின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக நீயாவது அவனோடு இருந்தாயே என்று அழுதாள். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கோல்டோ நின்றான்.

இமனோல் பிழைத்தான். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. நவம்பர் கடைசியில் அவனைக் குன்றின்மேல் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். காது கேட்கும், எல்லாம் புரியும், எழுதத்தான் வராது. பேனாவைக் கொடுத்தால் இடது கையில் பிடித்துக் கோடு கோடாக இழுத்துவிட்டு எறிந்துவிடுவான்.

கோல்டோ முதல்முறை போனபோது நெகானே சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் இமனோல் கரண்டியைத் தள்ளினான். இடது கையைத் தூக்கி, ஒரு விரலால் வாயின் வலது ஓரத்தைத் தொட்டான். பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். மறுபடி வாயைத் தொட்டான், மறுபடி தலையை ஆட்டினான். கண்கள் கோல்டோவை விட்டு நகரவே இல்லை.

"உனக்குத்தான் இவன் பாஷை தெரியுமே" என்றாள் நெகானே. "தினமும் இதைத்தான் பண்றான். என்ன சொல்றான்?"

கோல்டோவுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. இது சைகை இல்லை, நான் பொய் சொல்லவில்லை. இதற்கு இருபத்தேழு வருஷம் எதிரே உட்கார்ந்திருக்கக்கூடத் தேவையில்லை.

"சூப்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்றான்" என்றான் கோல்டோ.

நெகானே அப்பாடா என்று சிரித்தாள். நாக்கு செத்தும் திமிர் சாகவில்லை பார் என்று கணவனின் தலையைத் தடவினாள். இமனோல் கையைக் கீழே போட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவள் உப்பைக் குறைத்தாள். அப்புறம் மீனை மாற்றினாள். அப்புறம் மீனே வேண்டாம் என்று லீக் வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் போட்டுக் காய்ச்சினாள். காலையில் ஐந்து மணிக்குச் சந்தை, மதியம் கடையை மூடியதும் அடுப்பு, பிறகு பஸ் பிடித்துக் குன்று. ஒவ்வொரு முறையும் இமனோல் வாய் ஓரத்தைத் தொட்டுத் தலையாட்டினான். ஒவ்வொரு முறையும் அவள் சூப்பை மாற்றினாள். கோல்டோ வாரத்துக்கு இரண்டு தடவை போய் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட்டால் மட்டும் அவனுக்குக் கை வந்துவிடப் போகிறதா, அவளுக்கு இன்னொரு துக்கம்தானே கூடும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டான். அதெல்லாம் சால்ஜாப்பு. அவனுக்குப் பயம், அவ்வளவுதான். இந்த ஊரில் அவனுக்கென்று இருந்தது அந்த நாற்பத்தெட்டுப் பேரும் அந்த ஒரு மேஜையும்தான்.

சங்கத்திலோ வேறு கூத்து. கோல்டோ நாலு கடையில் சொன்னது நாற்பது கடைக்குப் பரவியிருந்தது. அதை வைத்து யாரும் இமனோலைத் திட்டவில்லை. பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்கள். பாவம், கடைசி ஆட்டத்தில் சறுக்கிவிட்டான், எல்லா மனுஷனுக்கும் ஒரு பலவீனம் உண்டு, இனி அதைப் பேசக்கூடாது என்று யூசெபியோ எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். கோல்டோவும் ஆட்டினான்.

ஜனவரி இருபதாம் தேதி ஊர் முழுக்க மேளம் அடித்து ஓய்ந்தது. இமனோல் இருபது வருஷம் சமையல்காரன் வெள்ளையுடுப்பில் பீப்பாயை மேளமாக அடித்துக்கொண்டு போன திருவிழா அது. மறுநாள் மத்தியானம் கோல்டோ குன்றுக்குப் போனபோது நெகானே கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்றவனை உட்காரச் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கணும். சுத்தி வளைக்காம சொல்லு."

காலையில் யூசெபியோவின் மனைவி கடைக்கு வந்தாளாம். மீனை நிறுத்துக் கொடுக்கும்போது ஆதரவாகக் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"'உன் புருஷன் பொய்ச் சைகை காட்டினதை யாரும் மனசுல வச்சுக்கல நெகானே, நீ தைரியமா இரு'ன்னா. ஆறுதல் சொல்றாளாம். தராசைத் தூக்கி அவ தலையில போடலாமான்னு இருந்துச்சு." அவள் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். "சீட்டு விளையாட எனக்குத் தெரியாது. ஆனா இந்த மனுஷன் முப்பத்தாறு வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. நீதானே எதிர்ல உக்காந்திருந்தே? காட்டினானா, இல்லையா?"

இமனோலின் இடது கை எழுந்தது. விரல் வாயோரத்தைத் தொட்டது. தலை ஆடியது.

"இருப்பா, சூப்பு அப்புறம் தரேன்" என்றாள் அவள், பழக்க தோஷத்தில்.

கோல்டோவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அவன் சூப்பைச் சொல்லல, நெகானே."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைக்குமே சூப்பைச் சொல்லல. அன்னிக்கு வாய் கோணினதைச் சொல்றான். அது சைகையே இல்ல. அது இந்த வாதம்தான். அப்பவே வந்திடுச்சு. நான் சைகைன்னு எடுத்துக்கிட்டேன்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகத்தில் கோபம் வரும் என்று கோல்டோ காத்திருந்தான். வரவில்லை. மீனுக்கு விலை கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அப்ப மணி என்ன?"

"மூணே முக்கால்."

"நீ நாலேகாலுக்குக் கிளம்பினே."

"ஆமா."

"அரைமணி நேரம் என்ன பண்ணினே?"

"ஆடினேன். தோத்ததும் அவனைத் திட்டினேன்."

"வேற யாரும் பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியும். அந்தப் பெரியம்மா கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

"வந்திருந்த ஒரு அம்மா பாத்தாங்க. உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. கிளம்பும்போது, தனியா விட்டுட்டுப் போகலாமான்னும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"விளக்கம் சொன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. நெகானே நாற்காலியை இழுத்துக் கணவனுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள்.

"இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தியா? பொய் இல்லன்னு?"

இமனோல் தலையை மேலும் கீழுமாக அசைத்தான். ஒரே ஒரு முறை. வாயோரத்திலிருந்த விரல் இறங்கி மடியில் விழுந்தது. அவன் அழ ஆரம்பித்தான். அழுகையும் ஒரு பக்கத்து முகத்தில்தான் வந்தது.

"ரெண்டு மாசம்" என்றாள் நெகானே. "ரெண்டு மாசமா நான் உப்பைக் குறைச்சுக்கிட்டிருக்கேன்."

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கோல்டோ தன்னிடம்தான் என்று எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அவள் திரும்பாமலே கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இங்க வேண்டாம். அங்க போய்ச் சொல்லு. இதே மாதிரி, மணி முதற்கொண்டு. அந்த அம்மா கேட்டதையும் சேத்துச் சொல்லு. இவனை மன்னிச்சவங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

சொல்கிறேன் என்றான். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மடியிலிருந்த துணியால் இமனோலின் கண்ணையும் மோவாயையும் துடைத்தாள். கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் ஒரு கரண்டி எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் தள்ளவில்லை. அடுத்த கரண்டியையும் தள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, சிந்தியும் சிந்தாமலும், கடைசிவரை குடித்தான்.

கோல்டோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிண்ணம் காலியான பிறகும் இரண்டு பேரும் அவன் பக்கம் திரும்பவில்லை.